வாய் நிறையத் தண்ணீர்

என் மகளுக்குத் தொழில் கணினி விளையாட்டுச் செய்வது. அவளோடு கூட்டாக வேலை பார்க்கிறவன் ஒருத்தன் உண்டு. தலைமுடியை வைத்து அவனை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விதிகளை எழுதுவாள், அவன் படம் வரைவான். வீட்டுக்குப் பின்னால் முன்பு வண்டி நிறுத்திய கொட்டகைதான் பட்டறை. உள்ளே இரண்டு மேசை, இரண்டு கணினி, உட்கார்ந்தால் முனகும் மடக்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடிக் கூஜா, சில தம்ளர்கள். இதில் முக்கியமானது கூஜா.

புது ஆள் யாராவது விளையாட்டை ஆடிப் பார்க்க வந்தால், பின்னால் உட்கார்ந்து கவனிக்கிற எல்லோரும் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. ஆடியவர் எழுந்த பிறகுதான் வாய் திறக்கலாம். இது மகள் போட்ட சட்டம். சட்டத்துக்குக் காரணம் சுருட்டை. ஆரம்பத்தில் ஆட வந்தவர்களிடமெல்லாம் அங்கே போகாதீங்க, இதை எடுங்க, அதை விடுங்க என்று ஒன்று விடாமல் உளறிவிட்டானாம். வந்தவர்களும் சொன்னபடி செய்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கமே வரவில்லையாம். நல்ல பிள்ளைதான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்றால் அந்த நுணலுக்குச் சுருட்டை முடி இருக்கும்.

விளையாட்டின் பெயர் கீழ்க்கிடங்கு. இந்த வகைக்கு ரோக்லைக் என்று பெயராம். செத்தால் முதலிலிருந்து என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். பூமிக்கு அடியில் ஒரு கிடங்கு, கையில் விளக்கோடு இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அறைகள் இடம் மாறியிருக்கும்; போன தடவை படிக்கட்டு இருந்த இடத்தில் இந்தத் தடவை சுவர். செத்தால் சேர்த்ததெல்லாம் போயிற்று. வழியில் கலர் கலராகப் புட்டிகள் கிடக்கும். எதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. பச்சைப் புட்டி ஒரு தடவை தூங்கவைக்கும், அடுத்த தடவை அதே பச்சை விஷம், இன்னொரு தடவை ஆளை எலி அளவுக்குச் சுருக்கிவிடும். சுருங்கினால் சுவர் விரிசலுக்குள் நுழைந்து பார்க்கலாம். ஒரே இறக்கத்துக்குள் மட்டும் கலர் ஒன்றானால் சரக்கும் ஒன்றுதான். தளத்துக்குத் தளம் ஒரு வாசல், அதில் ஒரு வாசல்காரன். விளக்கைக் கேட்பான், கொடுத்தால்தான் விடுவான். விளக்கைக் கொடுத்தால் உள்ளே போய் இருட்டில் சாக வேண்டும். கொடுக்காவிட்டால் அங்கேயே அவன் கையால் சாக வேண்டும்.

ஒன்றையும் சொல்லித் தராத விளையாட்டை எவன் ஆடுவான் என்று மகளிடம் கேட்டேன்.

"நான் சொல்லிக் குடுத்தா அது என்னோடதுப்பா. அவங்களா கண்டுபிடிச்சா அவங்களோடது. யாரும் தன்னோடத விட்டுட்டுப் போக மாட்டாங்க" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒரே ஒரு உறுதிதான் தந்தாள். உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரே விதி. உன்னைச் சுடுகிற தீ எலியையும் சுடும், வாசல்காரனையும் சுடும். சலுகை கிடையாது, விதிவிலக்கு கிடையாது. கேட்க நன்றாக இருந்தது. கேட்க நன்றாக இருப்பதை எல்லாம் நான் சந்தேகப்படுவேன். பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்பதான் வாங்கினேன், காத்துல பறந்துடுச்சு என்று கண்ணீரோடு சொன்ன எத்தனையோ பேரின் சட்டைப் பை காலியாக இருந்ததைப் பார்த்தவன். எனவே உட்கார்ந்து நானே ஆடிப் பார்த்தேன். மகளும் சுருட்டையும் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள்.

முன்பின் தெரியாத புட்டியை நான் எதற்குக் குடிக்க வேண்டும்? எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் மடக் மடக்கென்று குடித்துச் செத்தார்களாம். நான் எடுத்த புட்டியைத் தரையில் கொட்டினேன். ஓர் எலி வந்தது, நக்கியது, நாலு காலையும் மேலே தூக்கியது. அடுத்த புட்டியையும் கொட்டினேன். வந்த எலி கொட்டாவி விட்டுப் படுத்தது. மூன்றாவது எலி எறும்பு அளவுக்குச் சுருங்கிச் சுவர் இடுக்கில் போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் மடக்கென்று சத்தம். மகள் விழுங்கிவிட்டாள். இருமலும் சிரிப்புமாகச் சொன்னாள்: "இதுக்குத்தாம்பா எலியவே வெச்சேன். வர்றவங்க எல்லாம் அத அடிச்சுக் கொல்றாங்க. யாருமே அதுக்குக் குடுத்துப் பாக்கல."

பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையோடு வாசல் வரைக்கும் போனேன், போனதும் இறங்கிவிட்டது. அந்தத் தொப்பி, அந்த மீசை, இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நிற்கிற நிற்பு. வாசல்காரன் என்று என்னைத்தான் வரைந்து வைத்திருந்தான் சுருட்டை. பக்கத்துத் தூணில் சிவப்புக் கோடுகூடப் போட்டிருந்தான். எங்கள் பேருந்துகளில் கதவோரக் கம்பியில் அப்படி ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே நிற்கிற பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். மகள் கோட்டுக்குக் கீழே இருந்த வயதில் விடுமுறை நாளெல்லாம் என்னோடு பேருந்து பேருந்தாக ஏறி இறங்கியவள். மறக்காமல் இங்கேயும் கொண்டு வந்துவிட்டாள். எலிகள் கோட்டுக்குக் கீழே போவதால்தான் வாசல்காரன் அவற்றைக் கண்டுகொள்வதில்லை என்று விளக்கினாள்.

நான் எழுந்ததும், "எப்படி வந்திருக்குப்பா?" என்று கேட்டான் சுருட்டை. என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவான். அவனைப் பெற்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"மூக்கு பெருசு" என்றேன்.

"அளந்துதாம்பா போட்டேன்" என்றான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வெளியீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. சின்னச் சின்ன விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் எடுத்தால் விளையாட்டு பத்துப் பேர் கண்ணில் படும், இல்லாவிட்டால் கொட்டகையோடு சரி. பதில் இதுதான்: படம் அழகு, யோசனை அழகு, ஆனால் ஒன்றும் புரியாமல் ஆடுகிறவர்கள் ஓடிப்போவார்கள். போகும் வழிக்கு அம்புக்குறி போடுங்கள், புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுங்கள், கூடவே வந்து வழி சொல்ல ஒரு கிளியை வையுங்கள். வைத்தால் எடுத்துக்கொள்கிறோம்.

சுருட்டை அன்றைக்கே கிளியை வரைந்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதனாலேயே பிடிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. சண்டை என்றால் கத்தவில்லை. சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஒருத்தர் காலை ஒருத்தர் வாருகிற சண்டை. கிளி வந்தால் இது விளையாட்டே இல்லை, சுற்றுலா என்றாள் இவள். யாருமே வராத காட்டுக்குச் சுற்றுலாவாவது நடக்கட்டுமே என்றான் அவன். அவனை ஒரு விளம்பர நிறுவனம் கூப்பிட்டிருந்தது. இது கைகூடவில்லையென்றால் அங்கே போகப் போவதாக ஒளிக்காமல் சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, ஆசை மட்டும் அடுப்பெரிக்காது. ஆனால் அவன் போனால் என் மகளுக்குக் கை ஒடிந்த மாதிரி. இத்தனை வருஷ உழைப்பில் அவள் விதி ஒன்றுகூட அவன் படம் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில் மகள் அந்த நிறுவனத்தில் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கிற தேர்வாளரோடு தொலைபேசியில் பேசினாள். ஒரே ஒரு தடவை நேரில் வந்து, கிளி இல்லாமல் ஆடிப் பாருங்கள். நீங்களாக ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அம்புக்குறி, பெயர்ச்சீட்டு, கிளி எல்லாவற்றையும் என் கையாலேயே வைக்கிறேன் என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. யார் என்ன கேட்டாலும் கெஞ்சாத வகை அவள். அது என்னிடமிருந்து வந்தது.

ஒரு பிற்பகல் தேர்வாளர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, தோளில் பெரிய பை, கண்ணில் தூக்கம். நாளெல்லாம் இதே வேலையாக ஆடிப் பார்க்கிறவராம். மிட்டாய்க் கடையில் வேலை செய்கிறவனுக்கு இனிப்பைக் கண்டால் வருகிற முகம் அவருக்கு. தேநீர் குடித்தார், தண்ணீர்ச் சட்டத்தைக் கேட்டுச் சிரித்தார், உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் தம்ளரை எடுத்தோம். என்னை வெளியே போகச் சொல்லலாமா என்று மகள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. நான் அசையவில்லை. என் மூஞ்சி உள்ளே வாசலில் நிற்கிறது. நான் எங்கே போவது?

முதல் தடவை பச்சைப் புட்டியைக் குடித்தார், விஷம், முடிந்தது. இரண்டாவது தடவை எந்தப் புட்டியையும் தொடாமல் நேராக வாசலுக்குப் போய் விளக்கைக் கொடுத்தார், இருட்டில் எதுவோ கடித்துச் செத்தார். மூன்றாவது தடவை எலியை அடித்தார். அது சாகும்போது சுருட்டை மூக்கால் ஒரு சத்தம் போட்டான், கொதிக்கப் போகிற கெண்டி மாதிரி. அப்புறம் வாசல்காரனை அடிக்கப் போனார். என் மூஞ்சிக்காரன் ஒரே அடியில் அவரைச் சாய்த்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தேர்வாளர் கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார். மகளைப் பார்க்கவில்லை, சுருட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க இத ஆடியிருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இந்தப் புட்டி விஷயம் உங்களுக்குப் பிடிபட்டுச்சா?"

வாயில் தண்ணீர். ஊமை கண்ட கனவு என்பார்களே, அப்படி இருந்தது. எலிக்கு ஊற்றும்மா என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவர் ஊற்றுவார், ஆகா என்பார், ஆனால் கிளியை வை என்றும் சொல்லிவிட்டுப் போவார். ஏனென்றால் கிளி செய்கிற வேலையைத்தான் நான் செய்திருப்பேன். சொல்லாவிட்டால் இப்படியே எழுந்து போய்விடவும் கூடும். மகள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தம்ளரைப் பிடித்திருந்த பிடியில் தம்ளர் நெளியாதது ஆச்சரியம்.

தண்ணீரை விழுங்கினேன்.

"பிடிபட்டுச்சு. சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சின்னதா ஒரு குறிப்பு?"

"டிக்கெட் இல்லாதவன் கெஞ்சினா நான் விட்டதில்ல."

கூஜாவிலிருந்து இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேர்வாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரையில் நின்ற வாசல்காரனைப் பார்த்தார். மறுபடி என்னை. முகத்தில் இருந்த தூக்கம் போய்விட்டது. நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் ஆடின ஆட்டமே வேறு. ஓடவில்லை. ஒவ்வொரு அறையிலும் நின்றார், பார்த்தார். பெட்டி நிழலில் எலி என்ன தின்கிறது என்று பார்த்தார். நீலப் புட்டி இரண்டு கிடைத்தது. ஒன்றைக் குடிக்கப் போனார், நிறுத்தினார், எலியின் முன்னால் தரையில் ஊற்றினார், தள்ளி நின்றார். எலி நக்கியது, சுருங்கியது, சுவர் இடுக்கில் மறைந்தது.

"ஓ" என்றார் மெதுவாக.

சுருட்டையின் கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியிருந்தன. மகள் கண்ணை மூடித் திறந்தாள். நான் கண்டுபிடித்ததை அவரும் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு நிம்மதி, கூடவே சின்ன வயிற்றெரிச்சல். அது என்னுடையதாக இருந்தது அல்லவா. இனி அவர் இன்னொரு நீலப் புட்டியைக் குடித்து ஏதாவது விரிசலுக்குள் நுழைவார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார், முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

அவர் விரிசலைத் தேடவில்லை. மிச்சப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசல்காரன் கையை நீட்டினான். இவர் ஒன்றும் கொடுக்காமல், அடிக்கு எட்டாத தூரத்தில், சும்மா நின்றார். ஒரு எலி வந்தது. வாசல்காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலி அவன் காலடி வழியாக உள்ளே போயிற்று. தேர்வாளர் தூணில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். எலி போன வழியைப் பார்த்தார். புட்டியைக் குடித்தார்.

ஆள் சுருங்கினார். விளக்கும் கூடவே தீக்குச்சித் தலை அளவுக்குச் சுருங்கியது. அப்படியே கோட்டுக்குக் கீழே, வாசல்காரனின் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே, கையில் எரிகிற விளக்கோடு நடந்து உள்ளே போனார். வாசல்காரன் நேராகப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு உடம்பு சுட்டது. கோட்டுக்குக் கீழே வருவதற்காக முட்டியை மடக்கி நிற்கிற பிள்ளைகளையும், பிள்ளை தலையை அழுத்திப் பிடிக்கிற அம்மாக்களையும் பிடித்துப் பிடித்தே முடி நரைத்தவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்ததும் இதுதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். கோடு நம்ம பேருந்துக் கோடு என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. தண்ணீர் முகவாய் வழியாக வழிந்து சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதை அவள் வைக்கவில்லை. சுருக்குகிற புட்டியை விரிசலுக்காக வைத்தாள். கோட்டை எலிக்காக வைத்தாள். இரண்டும் இப்படிச் சேரும் என்று எழுதினவளே நினைக்கவில்லை.

உள்ளே தேர்வாளருக்கு நேரம் சரியில்லை. எலி அளவில் இருப்பதை வேட்டையாடுகிற பூனை ஒன்று அந்தத் தளத்தில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி. பாய்ந்தது, கவ்வியது, திரை கறுத்தது.

செத்ததற்கு ஒருத்தர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்காலியோடு குலுங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இதைத்தானே ஒளிச்சு வெச்சிருந்தீங்க? வாசல்காரனக் கோட்டுக்குக் கீழ ஏமாத்துறது?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். அதைவிடச் சுலபமான பொய் கிடையாது. சுருட்டையின் கண் மகளைப் பார்த்து ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று கெஞ்சியது. வாயில் தண்ணீர் இல்லாவிட்டால் அவனே சொல்லியிருப்பான்.

மகள் சட்டைக் கையால் முகவாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம். இது எங்களுக்கே தெரியாது. எலிக்கு ஊத்திப் பாக்கறது வரைக்கும்தான் நான் வெச்சது. இது நீங்க கண்டுபிடிச்சது."

"நான் முதல் ஆளா?"

"நீங்கதான் முதல் ஆள்."

சுருட்டை தண்ணீரை விழுங்கிவிட்டு, தன் கெட்ட காலத்துக்கு வாயைத் திறந்தான். அது ஓட்டைதான் மேடம், இந்த வாரமே அடைத்துவிடலாம் என்றான்.

"அடைச்சீங்கன்னா எடுக்க மாட்டேன்" என்றார் அவர். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேலும் சொன்னார்: "கிளி வேண்டாம். அம்புக்குறியும் வேண்டாம். புட்டியில பேர் ஒட்டியிருந்தா நான் அந்த எலியப் பார்த்திருக்கவே மாட்டேன்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து, இன்னொரு தடவை ஆடலாமா, அந்தப் பூனைக்கு ஏதாவது வழி இருக்குமா என்று கேட்டார். மகள் கூஜாவைக் கையில் எடுத்தாள். அவர் புரிந்துகொண்டு உட்கார்ந்தார். வெளியே அவரை ஏற்றிப் போக வந்த வண்டிக்காரர் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்தார்.

அவர் போன பிறகு மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரை விழுங்கினது தப்பு, தெரியும் என்று சொன்னது அதைவிடத் தப்பு, இருக்கிறது என்று சொன்னால் பாதி சொன்ன மாதிரி என்றாள். நான் எதையும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்பதைத்தான் சொன்னேன் என்றேன். நீயும்தான் நான் ஆடும்போது விழுங்கினாய் என்பதையும் ஞாபகப்படுத்தினேன். சுருட்டை விளம்பர நிறுவனத்துக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு வந்து, கிளியை என்ன செய்வது என்று வருத்தப்பட்டான். பூனைக்குத் தீனியாகப் போடு என்றேன். போட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். கீழ்த்தளங்களில் பச்சை இறகு கிடக்கிறது.

எல்லாம் ஓய்ந்ததும் நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம், இரண்டு நாற்காலி முனகும் சத்தம். இறங்கினேன். அந்தத் தடவை எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் புட்டி. எலிக்கு ஊற்றினால் எனக்கு மிஞ்சாது. எனக்கென்று வைத்துக்கொண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எலியை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. எலி தயாராக வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தது.

வாசலில் தொப்பியும் மீசையுமாக அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் யோசித்தேனோ தெரியாது. பின்னால் சுருட்டை மூக்கால் மூச்சு விடுவது கேட்டது.

குடித்தேன்.

எலி அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தியது. இப்போது அது என் உயரத்துக்கு இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே கோட்டுக்குக் கீழே நடந்தோம், டிக்கெட் இல்லாமல், என் கால்களுக்கு நடுவே.